ஆலங்குடாவைச் சூழ்ந்த தொல்லிடங்கள்

இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம் களப்புக்கும் திறந்த கடலுக்கும் நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல்நிலம் கற்பிட்டிக் குடாநாடு. அதன் கடற்பக்கத்தில், நுரைச்சோலைக்கு அருகே இருப்பது ஆலங்குடா. டொல்பின் பார்க்கவும், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கவும் வரும் வெளிநாட்டார் இன்று இந்தக் கரையை நன்கு அறிவர். ஆனால் இப்பகுதிக்கு ஆட்கள் வந்துபோவது புதிதல்ல. முத்துக்கும் கறுவாவுக்கும் பாக்குக்கும் வந்தவர்கள், சிவனொளிபாதம் எனப்படும் பாவாத மலைக்கு வழி கேட்டு வந்தவர்கள், நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்கள் என இரண்டாயிரம் ஆண்டுகளாக இக்கரை வெளியாரைக் கண்டிருக்கிறது. அவர்கள் விட்டுச்சென்ற கோட்டையும் ஆலயங்களும் புதைகுழிகளும் பொம்பரிப்பு முதல் சிலாபம் வரை பரந்து கிடக்கின்றன.

இவற்றைப் பார்க்கப் புறப்படுவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது நிலத்தின் இயல்பு. ஒப்பிட்டுப் பார்த்தால், எகிப்தில் நைல் நதிக்கரைக் கோவில்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்பதற்குக் கல்லும் வறட்சியும் காரணம். மணற்கல்லும் சுண்ணக்கல்லும் கருங்கல்லும் அங்கே ஆற்றுவழியே கொண்டுவரக்கூடிய தூரத்தில் கிடைத்தன. மழையோ மிக அரிது. கற்பிட்டிக் குடாநாட்டில் மலையில்லை, பாறையில்லை. கையில் அகப்பட்டவை மணலும் கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லும் சிப்பி சுட்ட சுண்ணாம்பும் பனையும் தென்னையுந்தான். உப்புக்காற்றும் வடகீழ்ப் பருவமழையும் அவற்றை அரித்துத் தின்றுவிடும். ஆகவே இங்கே ஓரிடத்தின் பழமையைச் சுவரின் வயதைக்கொண்டு அளக்க முடியாது. கட்டடம் பலமுறை மாறியிருக்கும். அதே இடத்துக்கு மக்கள் வருவது மட்டும் மாறாதிருக்கும்.

பொம்பரிப்புத் தாழிகளும் முத்துக்கடலும்

இப்பகுதியின் மிகப் பழைய சான்று மண்ணுக்கு அடியில் கிடைத்தது. கலா ஓயாவுக்கு வடக்கே, இன்றைய வில்பத்து தேசிய பூங்காவுக்குள் இருக்கும் பொம்பரிப்பில் ஈமத்தாழிகள் புதைந்த இடுகாடு ஒன்று உண்டு. 1924 இலும், பிறகு 1950களிலும், 1970 இலும் அங்கே அகழ்வு நடந்தது. கறுப்பு-சிவப்பு மட்கலங்கள், இரும்பு, வெண்கலப் பொருள்கள், மணிகள் ஆகியவற்றுடன் மனித எலும்புகள் தாழிகளுக்குள் இருந்தன. ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் இடப்பட்டிருந்தமையால், உடலை வேறிடத்தில் வைத்துப் பின்னர் எலும்பைச் சேர்த்துப் புதைக்கும் வழக்கம் இருந்ததாக அறியலாம். தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவற்றுக்குள்ள ஒற்றுமையை ஆய்வாளர் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். மன்னார் வளைகுடாவின் இரு கரைகளும் கி.மு. முதலாயிரத்திலேயே ஒரே பண்பாட்டு வட்டத்துள் இருந்தன என்பதற்கு இது வலுவான சான்று.

அந்த வளைகுடாவின் முத்து உரோமர் காலத்தில் தொலைநாட்டாரையும் இழுத்தது. உரோம அறிஞர் பிளினி எழுதிவைத்த செய்தி ஒன்று இவ்வகையில் முக்கியமானது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் ஆள் ஒருவர் அரேபியக் கரையோரம் கப்பலில் போகையில் காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் தப்ரபேன் (இலங்கை) தீவின் ஹிப்புரோஸ் என்ற துறைக்கு வந்து சேர்ந்தார். ஆறு மாதம் அரசரின் விருந்தினராக இருந்தார். அவரிடமிருந்த உரோம வெள்ளிக் காசுகள் வெவ்வேறு பேரரசர் காலத்தவையாயினும் ஒரே நிறையுடையவை என்பதைக் கண்டு வியந்த அரசர், உரோமுக்குத் தூதுக்குழு ஒன்றை அனுப்பினாராம். ஹிப்புரோஸ் என்பது கற்பிட்டிக்கு வடக்கே கடலுக்குள் துருத்திநிற்கும் குதிரைமலை முனையே என்று சில ஆய்வாளர் கருதுகின்றனர்; இதை ஏற்காதோரும் உள்ளனர்.

இக்கதைக்கு எகிப்தில் ஒரு கல்வெட்டுத் துணை நிற்கிறது. செங்கடல் துறையான பெரனிகேயிலிருந்து நைல் கரையின் கொப்டோசுக்குப் போகும் பாலைவன வழியில், வாடி மெனிஹ் என்ற பள்ளத்தாக்கின் பாறை நிழலில், அன்னியஸ் புளோகாமசின் ஆளான லைசாஸ் என்பவர் கி.பி. 6 ஆம் ஆண்டில் அங்கு வந்ததாகக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பொறித்திருக்கிறார். காற்றில் அகப்பட்டவரும் இவரும் ஒருவர் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் புளோகாமஸ் கற்பனை மனிதர் அல்லர் என்பதும், அவருடைய ஆட்கள் அவ்வழியே போய்வந்தனர் என்பதும் உறுதியாகின்றன. அதே பெரனிகேயில் 1995 இல் 'கொறபூமான்' என்ற பெயர் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்ட மட்பாண்ட ஓடு ஒன்று அகழ்வில் வெளிப்பட்டது. போக்கும் வரவும் ஒருவழிப்பட்டவை அல்ல என்பதை அந்த ஓடு காட்டுகிறது.

மொரோக்கோப் பயணி கண்ட புத்தளம்

இடைக்காலத்தில் அரபுக் கடல்வணிகம் இக்கரையை மேலும் நெருக்கமாக இணைத்தது. 1283 இல் யாப்பகுவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு, எகிப்தின் மம்லூக் சுல்தான் கலாவூனிடம் கெய்ரோவுக்குத் தூது அனுப்பி வணிக உறவு கோரினார். முத்து, மணிக்கற்கள், யானை, கறுவா ஆகியவற்றைத் தம்மால் தரமுடியும் என்பதே அவருடைய செய்தி.

1344 இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டுக் காற்றின் போக்கால் இலங்கைக்கு வந்தார். அவர் இறங்கிய பட்டாலா என்ற ஊர் புத்தளம் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியரின் முடிவு. மரத்தாலான மதிலும் மரக் காவற்கோபுரங்களும் சூழ்ந்த சிற்றூர் அது. ஆற்றுவெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவா மரங்கள் கடற்கரையில் குவியல் குவியலாகக் கிடந்தன. ஊரை ஆண்டவர் யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்தி. பாரசீக மொழி விளங்கிய அந்த அரசர் தம் முத்துக்களைக் காட்டிப் பயணியோடு உரையாடினார். பாவாத மலையைத் தரிசிக்க வேண்டும் என்று இப்னு பதூதா கேட்டபோது பல்லக்கும், நான்கு யோகிகளும், மூன்று பிராமணரும், அரசரின் ஆட்கள் பத்துப்பேரும், உணவுச் சுமை தூக்கப் பதினைந்து பேரும் துணையாக அனுப்பப்பட்டனர். முஸ்லிம் பயணியொருவர் சைவ அரசரின் செலவில், யோகிகளும் பிராமணரும் வழிகாட்ட, எல்லாச் சமயத்தாரும் போற்றும் மலைக்கு இக்கரையிலிருந்து போய்வந்தார்.

இதே மனிதர் 1326 இல் அலெக்சாந்திரியாவின் பெரும் வெளிச்சவீட்டைப் பார்த்தவர். அப்போது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349 இல் திரும்பி வந்தபோது உள்ளே நுழையவே முடியாத அளவுக்கு அது சிதைந்துபோயிருந்ததாக எழுதினார். எகிப்துக் கல்லையும் நிலநடுக்கம் விட்டுவைக்கவில்லை. புத்தளத்தின் மரமதில் இருந்த இடமோ இன்று அடையாளமில்லை. அந்த நூற்றாண்டின் புத்தளத்தை அறிய எஞ்சியிருப்பது பயணியின் எழுத்து ஒன்றே.

கற்பிட்டிக் கோட்டை

குடாநாட்டில் இன்று கண்ணால் காணக்கூடிய மிகப் பெரிய பழங்கட்டடம் வடமுனையில் கற்பிட்டி நகரில் இருக்கும் ஒல்லாந்தர் கோட்டை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்பிட்டியில் முஸ்லிம் வணிகரும் போர்த்துக்கேய இயேசு சபைக் குருமாரும் இருந்தனர். 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரிடம் வீழ்ந்து போர்த்துக்கேயர் தீவைவிட்டு நீங்கியபின் கற்பிட்டியும் ஒல்லாந்தர் வசமாயிற்று.

கோட்டை எழுந்ததற்குக் காரணம் களப்பின் வாய். கண்டி இராச்சியத்துக்குக் கடல்வழி மிகக் குறைவு. புத்தளம் அதன் கையிலிருந்த முக்கியத் துறை. மலைநாட்டுப் பாக்கு அத்துறை வழியாகவே தென்னிந்தியாவுக்குப் போனது. துணி உள்ளே வந்தது. புத்தளத்து உப்பும் மலைநாட்டுக்கு இன்றியமையாதது. புத்தளத்துக்குள் நுழையும் தோணி எதுவாயினும் கற்பிட்டியைக் கடந்தே போகவேண்டும். அந்த வாயில் கோட்டை கட்டுவதில்லை என்று கண்டி அரசர் இரண்டாம் இராஜசிங்கனுக்குக் கொடுத்திருந்த வாக்கை மீறி, 1667 இல் ஒல்லாந்தர் வேலையைத் தொடங்கி 1676 இல் முடித்தனர். கண்டியின் வெளிநாட்டு வணிகத்தின் குரல்வளை அவர்கள் பிடிக்குள் வந்தது.

கோட்டை ஏறத்தாழச் சதுரம். முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் கொண்டு எழுப்பிய மதில் நான்கு மீற்றர் அளவு உயரமானது. நுழைவாயில் வளைவுக்கு மட்டும் ஒல்லாந்திலிருந்து வந்த மஞ்சள் செங்கல் பயன்பட்டிருக்கிறது. உள்ளே தளபதியின் வீடு, படைவீரர் குடியிருப்பு, சிறை, கிட்டங்கிகள் ஆகியவற்றோடு பழைய சிற்றாலயம் ஒன்றும் உண்டு. இயேசு சபையாரின் வழிபாட்டிடத்தை ஒல்லாந்தர் தம் மதிலுக்குள் அடக்கிக்கொண்டனர். வென்றவர் பழைய வழிபாட்டிடத்தின் மேலோ அதைச் சூழ்ந்தோ கட்டுவது உலகெங்கும் காணப்படுவதுதான். எகிப்தின் லக்சோர் கோவிலுக்குள் முதலில் கிறிஸ்தவ ஆலயமும், பிறகு அபுல் ஹஜ்ஜாஜ் பள்ளிவாசலும் எழுந்தன. பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடக்கிறது.

1766 இல் கண்டி அரசு கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்த உடன்படிக்கையுடன் புத்தளமும் அவர்கள் கைக்கு வந்தது. எதைக் காவல் காக்கக் கோட்டை எழுந்ததோ அந்தத் தேவை அப்போதே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 1795 நவம்பரில் கோட்டை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. 1859 வரை அங்கே படை இருந்தது. இன்று அது இலங்கைக் கடற்படைத் தளத்தின் எல்லைக்குள் உள்ளது. கோட்டைக்கு அருகில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் கட்டிய புனித பேதுரு ஆலயம் நிற்கிறது. ஒல்லாந்தக் குடும்பத்தாரின் பெயர் பொறித்த கல்லறைக் கற்கள் அதில் உள்ளன. 1840 அளவில் ஆங்கிலேயர் அதைப் புதுக்கினர்.

தடைக்காலமும் யோசேப் வாஸ் அடிகளும்

ஒல்லாந்தர் தம் ஆட்சிப் பகுதியில் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தனர். குருமார் வெளியேற்றப்பட்டனர், அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றமாயிற்று. களப்புக்கு அக்கரையில் இருந்த புத்தளம் கண்டி அரசருக்குரியது என்பதால் அங்கே அந்தச் சட்டம் செல்லவில்லை. கோவாவில் 1651 இல் பிறந்த யோசேப் வாஸ் அடிகள் 1687 இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து மறைவாகப் பணியாற்றியபின், 1690 இல் புத்தளத்துக்கு வந்தார். அங்கிருந்து 1692 இல் கண்டிக்குப் போய், போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். பின்னர் அரசரின் நம்பிக்கையைப் பெற்று 1711 இல் கண்டியிலேயே மறைந்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத்தடைகளை ஆங்கில ஆட்சி 1806 இல் நீக்கியது.

தலவில புனித அன்னம்மாள் ஆலயம்

ஆலங்குடாவுக்கு வடக்கே அதே கடற்கரையில் உள்ள தலவில, தீவின் பெரிய கத்தோலிக்க யாத்திரைத் தலங்களுள் ஒன்று. அதன் தோற்றம் பற்றி இரண்டு மரபுக் கதைகள் வழங்குகின்றன. முதற்கதை பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்தது. பிழைப்புத் தேடிப் போன ஏழைப் போர்த்துக்கேயர் ஒருவர் வெறுங்கையோடு கரைவழியே திரும்பும்போது ஆலமரத்தடியில் களைத்து உறங்கினார். விழித்தபோது சுடர்களின் நடுவே அன்னம்மாள் சுரூபத்தைக் கண்டு அங்கே சிறு கோவில் அமைத்தார் என்பது அக்கதை. இரண்டாவது கதை பதினெட்டாம் நூற்றாண்டில் நிகழ்கிறது. கப்பல் உடைந்து கரையேறிய ஐரோப்பிய வணிகர் தம்மிடமிருந்த சுரூபத்தை ஆலமரத்தடியில் வைத்து, வணிகம் செழித்தால் திரும்பிவந்து ஆலயம் கட்டுவதாக நேர்ந்தார், சொன்னபடியே செய்தார். இரண்டிலும் மரம் ஒன்றே, புனிதர் ஒருவரே. கரைவழி நடந்தவரும் கடலில் அலைந்தவரும் தத்தம் அச்சத்தையும் நன்றியையும் அவ்விடத்தில் இறக்கிவைத்தனர் என்பது இரண்டுக்கும் பொதுவான கரு.

இப்போதுள்ள பெரிய ஆலயம் 1843 இல் நிறைவேறியது. உள்ளே வரிசையாக நிற்கும் முதிரை மரத்தூண்கள் இதன் சிறப்பு. கல் கிடைக்காத கரையில், உள்நாட்டுக் காடு தந்த முதிரையே கருங்கல்லின் இடத்தைப் பிடித்தது. ஆலயம் சிலாபம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஆண்டில் இரண்டு பெருவிழாக்கள் உண்டு: ஒன்று மார்ச்சில், மற்றது ஓகஸ்ட் தொடக்கத்தில். கொடியேற்றத்துக்குப் பிறகு நவநாள் வழிபாடுகள் தமிழிலும் சிங்களத்திலும் நடைபெறும். இறுதி நாளில் திருச்சுரூபப் பவனி. மீனவக் குடும்பங்கள் பல நாள் முன்பே வந்து கூடாரம் அடித்து, சமைத்து உண்டு தங்குவர். இந்துக்களும் பௌத்தரும் நேர்த்தி வைத்து வருவது வழக்கம்.

தலவிலவின் செல்வாக்கு ஆலய வளவோடு நின்றுவிடவில்லை. நுரைச்சோலையில் நிலக்கரி அனல் மின் நிலையம் அமைக்கும் திட்டம் 1990களில் வெளியானபோது, யாத்திரைத் தலம் அருகில் இருப்பதும் கத்தோலிக்கரின் எதிர்ப்புக்கு ஒரு காரணமாயிற்று. திட்டம் நீண்ட காலம் தாமதப்பட்டது. இறுதியில் முதல் அலகு 2011 இல் இயங்கத் தொடங்கியது. 2014 இல் நிலையத்தின் கொள்ளளவு 900 மெகாவாட் ஆனது.

உடப்பும் முன்னேசுவரமும்

குடாநாட்டுக்குத் தெற்கே, முந்தல் களப்பை அடுத்த கடலோரத்தில் உள்ள உடப்பு, தமிழ் இந்துக்களின் மீனவக் கிராமம். இராமேசுவரப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தோர் என்பது ஊரார் மரபு. இங்குள்ள பார்த்தசாரதி, திரௌபதை அம்மன் ஆலயத்தின் ஆடித் திருவிழாவும் தீமிதிப்பும் தீவெங்கும் அறியப்பட்டவை. மகாபாரத நிகழ்வுகள் விழா நாட்களில் சடங்காக நடத்தப்படுகின்றன. தென்னாற்காட்டு ஊர்களில் வழங்கும் திரௌபதை வழிபாட்டின் கடல்கடந்த கிளையாக இதைக் கொள்ளலாம். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களையும் உடப்பு மக்கள் பேணிவந்துள்ளனர்.

இன்னும் தெற்கே சிலாபத்தை அடுத்த முன்னேசுவரம் இப்பகுதிச் சிவாலயங்களுள் தலையாயது. கோட்டை இராச்சியத்தின் அரசர் ஆறாம் பராக்கிரமபாகு அதற்கு அளித்த தானம் கல்வெட்டில் பதிவாகியுள்ளது. 1578 இல் போர்த்துக்கேயர் கோவிலை இடித்தனர். அதன் சொத்துக்கள் இயேசு சபையாருக்குப் போயின. 1753 இல் கண்டி அரசர் கீர்த்தி சிறீ இராஜசிங்கன் அதை மீண்டும் எழுப்பினார். இன்று முன்னைநாதர் கோவிலைச் சுற்றிக் காளி, ஐயனார் முதலிய தெய்வங்களின் சன்னிதிகளும் பௌத்த விகாரை ஒன்றும் உள்ளன. ஆவணியை ஒட்டி நான்கு வாரம் நடக்கும் திருவிழாவில் சிங்களப் பௌத்தரும் திரளாகக் கலந்துகொள்கின்றனர்.

கற்பிட்டியில் பிறந்த வரலாற்றாளர்

இக்கரையின் ஊர்களையும் குடிகளையும் முறையாக எழுத்தில் வைத்த முதல் உள்ளூர் அறிஞர் சைமன் காசிச்செட்டி. 1807 இல் கற்பிட்டியில் பிறந்த இவர், புத்தளத்தில் மணியகாரராகவும் பின்னர் முதலியாராகவும் பதவி வகித்து, இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் இலங்கையர் ஆனார். 1834 இல் வெளிவந்த இவருடைய ஆங்கில நூலான 'சிலோன் கசற்றியர்' தீவின் இடங்களை அகரவரிசையில் விளக்குவது. 1859 இல் வெளியான 'தமிழ் புளூட்டார்க்' தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தது. முக்குவர், முஸ்லிம்கள் முதலிய புத்தளத்துச் சமூகங்களின் வழக்கங்களையும் இவர் ஆராய்ந்து எழுதினார். 1860 இல் காலமானார்.

1990க்குப் பின் வந்த மாற்றம்

ஆலங்குடாவின் இன்றைய முகத்தை மாற்றியது 1990 ஒக்டோபர். விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, இடம்பெயர்ந்த எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோரில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். கற்பிட்டிக் குடாநாட்டில் முகாம்கள் அமைந்த இடங்களுள் ஆலங்குடாவும் ஒன்று. கிடுகு வேய்ந்த கொட்டில்கள் காலப்போக்கில் கல்வீடுகளாயின. அவற்றோடு பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் எழுந்தன. போர் முடிந்த 2009 இன் பின் சிலர் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பினர். பலர் இங்கேயே நிலைகொண்டனர். தொல்லியல் பட்டியலில் இந்தப் பள்ளிவாசல்களுக்கு இடமில்லை. ஆயினும் கடலால் வந்தோரும் துரத்தப்பட்டு வந்தோரும் முதலில் வழிபாட்டிடம் அமைத்து, பின் ஊராக வேரூன்றும் இக்கரையின் பழைய வரலாற்றில் அவையே அண்மைய அத்தியாயம்.

பார்வையிட வருவோருக்கு

கொழும்பிலிருந்து புத்தளம் வீதியில் வருவோர் முதலில் முன்னேசுவரத்தையும், பிரதான வீதியிலிருந்து கடற்பக்கம் விலகி உடப்பையும் பார்த்துவிட்டுப் பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பலாம். அவ்வீதி நுரைச்சோலை, ஆலங்குடா, தலவில வழியாகக் கற்பிட்டி நகருக்குச் செல்கிறது. கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் வாயிலில் அனுமதி பெற்று, அடையாள அட்டை காட்டி, கடற்படையாள் ஒருவருடன் சுற்றிப்பார்ப்பதே நடைமுறை. படம் எடுக்கவும் கட்டுப்பாடு உண்டு. பொம்பரிப்பும் குதிரைமலையும் வில்பத்துப் பூங்காவுக்குள் இருப்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும். தொல்லிடங்களில் கிடக்கும் ஓடு, மணி, எலும்பு எதையும் எடுப்பது 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றம்.

கோவில்களிலும் பள்ளிவாசல்களிலும் பாதணியைக் கழற்றுவதும் தோளும் முழங்காலும் மறைய உடுப்பதும் எதிர்பார்க்கப்படும். தலவிலவைக் கட்டடமாக மட்டும் பார்க்க விரும்புவோருக்கு விழா இல்லாத மாதங்கள் ஏற்றவை. யாத்திரைத் தலமாக அறிய விரும்புவோர் மார்ச்சிலோ ஓகஸ்ட்டிலோ வரவேண்டும். உடப்புத் தீமிதிப்புக்கு ஆடியும், முன்னேசுவரத் திருவிழாவுக்கு ஆவணியும் உரிய காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். ஆலங்குடாவில் தங்கிக் கடலையும் தொல்லிடங்களையும் ஒருசேரப் பார்க்க நினைப்போருக்கு அந்த மாதங்கள் பொருந்தும்.